திருமண்டல வாலிபர் கூடுகை: தனியாக வரும் பிள்ளையை மனதில் வைத்து நடத்துவது எப்படி

அமெரிக்காவுக்கு வந்த சி.எஸ்.ஐ. குடும்பங்கள் பலரும் எபிஸ்கோப்பல் சபையில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை, ஆராதனை முறையும் ஏறக்குறைய பழகினதுதான். ஓரிரு வருடம் போனதும், ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ரெக்டர் (சபையின் குருவானவர்) பக்கத்தில் வந்து, "வாலிபர் வேலையில் கொஞ்சம் உதவ முடியுமா?" என்று கேட்பார். நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். அப்படித் தலையாட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று முழிப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம். டெக்சஸ் திருமண்டலத்தில், அதாவது ஒரு பிஷப்பின் கீழ் வரும் சபைகளின் கூட்டில், வாலிபர் கூடுகைகளுக்கு உதவியாளாகப் போய்வருகிறேன். இந்தத் திருமண்டலம் பரந்து கிடக்கிறது. ஹூஸ்டன், ஆஸ்டின், வேக்கோ, டைலர், போமான்ட், கால்வெஸ்டன் என்று இருந்ததோடு, 2022-ல் வடக்கு டெக்சஸ் திருமண்டலம் இணைந்ததால் ஃபோர்ட் வொர்த்தும் சேர்ந்துவிட்டது. வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை தங்கி நடக்கும் பெரிய கூடுகைக்கு எல்லாரும் நவசோட்டா ஊருக்குப் பக்கத்தில் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் கேம்ப் ஆலனுக்கு வரவேண்டும். டைலரிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

தூரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹூஸ்டனில் ஒரு பெரிய சபை என்றால் வாலிபர்களுக்கென்று சம்பளத்துக்கு ஒரு ஆள், தனி அறை, பிங்பாங் மேசை எல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகள் கூடுகைக்கு ஒரு வேன் நிறைய வந்து இறங்குவார்கள். கிழக்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊர்ச் சபையில் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் அதிகம். அதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றோ இரண்டோ. சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பதும், மெழுகுவர்த்தி ஏற்றுவதும், அணைப்பதும் அதே பிள்ளைதான். தன் வயதில் இன்னொரு எபிஸ்கோப்பல் பிள்ளையை அது பார்த்திருக்கவே மாட்டாது. கூடுகை அந்தப் பிள்ளைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். வேனில் வருகிற கூட்டம் எப்படியும் சந்தோஷமாக இருந்துவிடும். தேதி, கட்டணம், பெயர் அட்டை, சாப்பாட்டு மேசை என்று எதை முடிவு செய்தாலும், "தனியாக வருகிற பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேதி

டெக்சஸில் தேதி குறிப்பதுதான் பாதி வேலை. ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்ததும் வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் பள்ளிகளின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். ஆடுகிறவன் மட்டுமா போகிறான்? பேண்டு வாசிப்பவர்கள், சியர்லீடர்கள், பார்க்கிறவர்கள் என்று ஊரே மைதானத்தில் இருக்கும். அக்டோபர் சனிக்கிழமைகளில் மார்ச்சிங் பேண்டு போட்டி. ஹோம்கமிங் என்ற பள்ளி விழா, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு வேறு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். மே மாதம் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. தேர்வு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி மிஞ்சும்.

நகரத்தில் இருப்பவர்கள் "அப்பாடா, ஜனவரி" என்று உடனே குறித்துவிடக் கூடாது. சின்ன ஊர்களில் அந்த மாதங்களில்தான் கவுண்டி கால்நடைக் கண்காட்சி நடக்கும். பன்றியோ ஆடோ இளங்காளையோ பல மாதம் வளர்த்த பிள்ளை அந்த வார இறுதியில் எங்கேயும் வராது, வரச் சொல்வதும் நியாயமில்லை. எனவே தேதியை அறிவிக்கும் முன்னால் நான்கைந்து சின்ன சபைகளின் ஐயர்மாரை (குருவானவர்களை) கூப்பிட்டு, "உங்கள் ஊரில் ஸ்டாக் ஷோ எப்போது?" என்று கேட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. திருமண்டல அலுவலகத்திலிருந்து அப்படி ஒரு போன் வந்ததே அவர்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

குளிர்காலத்தில் வைத்தால், சாலையில் ஐஸ் படிந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலை இங்கே யாரும் மறக்கவில்லை.

பணமும் பயணமும்

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும்" என்று மட்டும் படிவத்தில் போடாதீர்கள். தேவையிருப்பவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். முழுக் கட்டணம், பாதி, உங்களால் முடிந்தது என்று மூன்று கட்டம் போட்டு, எதை டிக் செய்தாலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை ரெக்டரின் டிஸ்கிரீஷனரி ஃபண்டிலிருந்து, அதாவது உதவிகளுக்காக அவர் பொறுப்பில் இருக்கும் நிதியிலிருந்து, நிரப்பலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனையில் தனி நோக்கம் குறிக்காமல் வரும் காணிக்கை அந்த நிதிக்குப் போகவேண்டும் என்று சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பயணம்தான் உண்மையான தடை. ஒரு பிள்ளை மட்டும் இருக்கிற சபையிலிருந்து கூட வர பெரியவர் கிடைப்பது கஷ்டம். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையைக் காரில் ஏற்றிவருவதற்கும் விதி இடம் தராது. வரைபடத்தை விரித்து வைத்து, பெரிய சபை வேன் எந்த வழியாக வருகிறது, யாரை எந்தப் பெட்ரோல் பங்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பாருங்கள். வேனில் வந்த பிள்ளைக்கு இன்னொரு லாபம்: கேம்ப் வாசலில் இறங்கும்போதே நாலு பேரைத் தெரிந்திருக்கும்.

பாதுகாப்பு விதிகள்

இதில் நம் ஆட்கள் கொஞ்சம் மனத்தாங்கல் படுவதைப் பார்த்திருக்கிறேன். "என்னைச் சந்தேகப்படுகிறார்களா?" என்பார்கள். சந்தேகம் யார் மேலும் இல்லை, விதி எல்லாருக்கும் ஒன்றுதான். எபிஸ்கோப்பல் சபையில் பிள்ளைகளோடு வேலை செய்யும் யாரும் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும், சேஃப் சர்ச் என்ற பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். பிஷப் வந்து பேசினாலும் அறையில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும்.

நடைமுறையில் நினைவில் வைக்கவேண்டியவை: எப்போதும் உறவுக்காரர் அல்லாத இரண்டு பெரியவர்கள். கணவனும் மனைவியுமாக நீங்கள் இருவர் இருந்தால் அது ஒருவர் கணக்குத்தான். ஒரு பிள்ளை அழுதுகொண்டு தனியாகப் பேசக் கேட்டால் பேசலாம், ஆனால் மற்றவர்கள் பார்க்கிற இடத்தில், காதில் விழாத தூரத்தில். கேம்ப் ஆலன் மாதிரி இடத்தில் வெளியே ஒரு பெஞ்சு எங்கேயும் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பினால் இன்னொரு பெரியவரையும் அதில் சேர்த்துவிடுங்கள். மருந்துகள் எல்லாம் கடையில் தந்த டப்பாவோடு நர்ஸ் கையில் போகவேண்டும். அம்மா பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்த பாராசிட்டமாலும் அப்படித்தான்.

அப்புறம் ஒன்று, சட்டம் சம்பந்தப்பட்டது. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அதைத் தெரிவிப்பது டெக்சஸில் ஒவ்வொரு மனிதருக்கும் கடமை. "ஐயரிடம் சொல்லிவிட்டேன்" என்று அதோடு விடக் கூடாது, மாநிலத்தின் எண்ணுக்கு நீங்களே போன் செய்யவேண்டும். ஐயரிடமும் சொல்லுங்கள், அது வேறு.

நம் பெற்றோர்

மற்ற பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். தமிழ் வீடுகளில் கதை வேறு. எங்கள் சபையில் ஒரு பெண்பிள்ளைக்கு வர ஆசை. அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, பகல் பூரா இருக்கட்டும், ராத்திரி நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"ஒன்றரை மணி நேரம் வந்து, ஒன்றரை மணி நேரம் திரும்பிப் போவீங்களா? காலையில மறுபடியும் கொண்டுவந்து விடுவீங்களா?"

"பரவாயில்லக்கா."

அவர் நிஜமாகவே செய்வார், அதுதான் பிரச்சினை. ராத்திரிக்கு வீட்டுக்குப் போன பிள்ளைக்குக் கூடுகையில் பாதி கிடைக்காது. நெருக்கமெல்லாம் விளக்கணைத்த பிறகு அறையில் பேசிக்கொண்டு கிடக்கும்போதுதான் வருகிறது. நான் அந்த அம்மாவிடம் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை அவரே காரில் கொண்டுவந்து விடட்டும் என்றேன். வந்தார். அறையைக் காட்டினேன். கட்டில், குளியலறை, பெண்பிள்ளைகளின் அறைகளுக்குப் பொறுப்பான இரண்டு பெண்மணிகள், அவர்கள் ராத்திரி எங்கே உட்காருவார்கள் என்பது எல்லாவற்றையும் காட்டினேன். நர்ஸின் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். மகளின் கட்டிலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, ஒரு டப்பா முறுக்கை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினார். படிவம் நிரப்பச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்புவதைவிட, கட்டிலை நேரில் காட்டுவது நம் பெற்றோரிடம் வேலை செய்யும். அவர்களுக்கென்று வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

யார் நடத்துவது?

பிள்ளைகள் நடத்தவேண்டும். வாயால் அப்படிச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவுசெய்து, பிள்ளைகள் கையில் மைக்கை மட்டும் கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். ஹாப்பனிங் என்று ஒரு கூடுகை பல திருமண்டலங்களில் இருக்கிறது. அதில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே தலைவர்கள், பேசுவதும் அவர்கள்தான். பெரியவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொள்வார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நியூ பிகினிங்ஸ். உங்கள் திருமண்டலத்தில் இவை இருந்தால் அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பதினொரு வயதையும் பதினேழு வயதையும் ஒரே கூடுகையில் போட்டுக் கலக்காதீர்கள், இரண்டு பக்கமும் சலித்துப்போகும்.

திட்டக் குழுவில் எட்டுப் பத்துப் பேர் போதும். பாதிப்பேராவது சின்ன சபைப் பிள்ளைகளாக இருக்கட்டும். தானாகக் கை தூக்குகிறவர்கள் பெரிய சபையிலிருந்துதான் வருவார்கள், மற்றவர்களை நீங்கள் போய்க் கூப்பிட வேண்டும். ஞாயிறு மாலை ஜூமில் முக்கால் மணி நேரம் கூடுங்கள். பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் பிள்ளைகள் அதற்குத் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும். அமைதி நீண்டால் நீளட்டும், யாராவது பேசியே தீருவார்கள்.

பிள்ளைகளின் பேச்சுக்குத்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம். முதலில் எழுதித் தருவது எப்போதும் பிரசங்கமாக இருக்கும், யாரோ பெரியவர் பேசியதைக் கேட்டு எழுதினது போல. ஒரு பையன், சின்ன ஊர், பதினாறு வயது. "தேவ அன்பு" என்று இரண்டு பக்கம் எழுதி வந்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒரு வரியும் மனதில் நிற்கவில்லை. "காலையில் எழுந்ததும் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். ஐந்தரைக்கு எழுந்து பன்றிக்குத் தீனி வைப்பேன் என்றான். கண்காட்சிக்கு வளர்க்கிற பன்றி. தினமும் குச்சியால் லேசாகத் தட்டி நடக்கப் பழக்க வேண்டுமாம். பெயர் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியும் பெயர் வைத்துவிட்டான். கண்காட்சி முடிந்து ஏலம் போனதும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலிக் கொட்டிலைக் கழுவினான். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது, போக எங்கேயும் இல்லை. அந்த நேரத்தில்தான் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் ஜெபம் பண்ணினானாம்.

இதைத்தான் பேசவேண்டும் என்றேன். பேசினான். ஹூஸ்டன் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் அவனைச் சுற்றி உட்கார்ந்து பன்றியின் எடை என்ன, என்ன தின்னும் என்று விடாமல் கேட்டார்கள். அதுவரை அவன் யாரோடும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆறாத காயத்தை மேடையில் திறக்க எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது. எழுதியதை முன்னாலேயே இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கும்போது குரல் உடைந்து தொடர முடியாமல் போனால் அந்தப் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள், பேசுவதற்கு ஒரு நல்ல ஆளையும் தேடிக்கொடுங்கள்.

வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை

முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். வாசலில் பெரியவர்கள் மேசை போட்டுப் படிவம் சரிபார்க்கட்டும். அதற்குப் பத்தடி முன்னால் பிள்ளைகள் இரண்டு பேர் நிற்க வேண்டும். தனியாக வருகிற பிள்ளையின் பையை வாங்கி, அறை வரைக்கும் கூடவே போவது மட்டும்தான் அவர்கள் வேலை. பெயர் அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், சபையின் பெயரைப் போடாதீர்கள். போட்டால் ஒரே சபைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து நிற்பார்கள். முதல் சாப்பாட்டுக்கு மேசை எண்ணை அட்டையின் பின்புறம் எழுதிவிட்டால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தேடும் கொடுமை யாருக்கும் இல்லை. சிறு குழுவில் ஏழெட்டுப் பேர், ஒரே சபையிலிருந்து இருவருக்கு மேல் வேண்டாம்.

விளையாட்டில் கேப்டன் வைத்து ஆள் பிரிப்பது வேண்டவே வேண்டாம். சாப்பாட்டை வைத்து விளையாடுவதும் வேண்டாம், அலர்ஜிப் பிரச்சினை. போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லும் கட்சி ஒன்று இருக்கிறது, நான் அந்தக் கட்சியில் இல்லை. பழகாத இடத்துக்கு வந்த பிள்ளைக்கு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வழி இருக்கவேண்டும். குழு நேரத்திலும் ஆராதனையிலும் வெளியே எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரவு ஆராதனைக்கு கம்ப்லைன் என்ற படுக்கைக்கு முந்தின ஜெபமுறை. எபிஸ்கோப்பல் சபையின் 1979 ஜெபப் புத்தகத்தில் 127-ஆம் பக்கம். நீங்கள் எதையும் சேர்க்கவேண்டாம், திரையில் படம் போடவேண்டாம், கிதார்கூட வேண்டாம். விளக்குகளைக் குறைத்து, ஒரு பிள்ளை நடத்த, மற்றவர்கள் பதில் சொல்லட்டும். இரவில் வேலை செய்கிறவர்களுக்காகவும் விழித்திருப்பவர்களுக்காகவும் அழுகிறவர்களுக்காகவும் ஒரு ஜெபம் அதில் வரும். ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கும் நர்ஸ் அம்மாவின் பிள்ளையிடம் அதை வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் அறைக்குப் போகும் வரை பேச்சு வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா என்று சந்தேகப்படுவீர்கள். கேட்பார்கள். அறைக்குப் போனபின் பேசுவார்கள், அதையும் கொஞ்ச நேரம் விடுங்கள். வராண்டாவில் நாற்காலி போட்டு ஒரு மணி வரை விழித்திருக்க இரண்டு பெரியவர்களை முன்னாலேயே ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் தூங்க நேரமும் கொடுங்கள்.

சனிக்கிழமை நிகழ்ச்சி நிரலை மணிக்கு மணி அடைத்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். ஏரிப் பக்கம் நடக்கட்டும், சீட்டு விளையாடட்டும். கூச்சப் பிள்ளைகளுக்காக ஒரு மேசையில் நூலும் மணியும் வைத்தால், கையால் ஏதாவது செய்துகொண்டே பேசுவார்கள்.

ஞாயிறு காலைத் திருவிருந்துக்கு, ஜெபப் புத்தகத்தின் 400-ஆம் பக்கத்தில் ஒரு முறைமை இருக்கிறது. சபையின் முக்கிய ஞாயிறு ஆராதனைக்கு அல்ல என்று அதிலேயே குறிப்பும் இருக்கும். கூடுகைக்கு அது பொருந்தும், என்றாலும் நடத்தப்போகும் குருவானவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். அதில் ஆராதனையின் எலும்புக்கூடு மட்டும் இருக்கும், வாசிப்பு, ஜெபம், பாட்டு எல்லாம் பிள்ளைகளே அமைக்கலாம். குருவானவருக்குரியதை அவர் செய்வார். அப்பம் சுடுவதைச் சனிக்கிழமை மாலை ஒரு குழுவிடம் கொடுங்கள். கருகினால் கருகட்டும், மாற்று அப்பம் ஒரு பெட்டி கையில் இருந்தால் போதும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் தனியாக வாங்கி வைத்துவிடுங்கள்.

திரும்பிப் போன பிறகு

பல கூடுகைகள் விழுவது இங்கேதான். ஞாயிறு மதியம் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அடுத்த ஞாயிறு அதே நாற்பது பேர் சபையில், அதே தனி ஆளாக உட்காரும்போது அந்தப் பிள்ளைக்கு முன்பைவிட வெறுமையாக இருக்கும். கேம்ப்பிலிருந்து கிளம்பும் முன்னாலேயே அந்தச் சபை ஐயருக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: பிள்ளை என்ன செய்தது, எதில் நன்றாக இருந்தது, இனி என்ன வேலை கொடுக்கலாம்.

வேலை என்றால் நிஜ வேலை. வருடத்துக்கு ஒரு "யூத் சண்டே" வைத்து எல்லாரும் கைதட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. மாதா மாதம் வேத வாசிப்பு, சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பான்கேக் விருந்தின் கணக்கு, ஒலிபெருக்கி, வெஸ்ட்ரி (சபை நிர்வாகக் குழு) கூட்டத்தில் ஒரு நாற்காலி என்று கொடுங்கள். எபிஸ்கோப்பல் சபையின் சட்டப்படி 16 வயதானவர் சபையில் வயதுவந்த உறுப்பினர். வருடாந்தரக் கூட்டத்தில் ஓட்டுப்போட உங்கள் சபை விதி என்ன சொல்கிறது என்று எடுத்துப் பாருங்கள், பல சபைகளில் யாரும் பார்த்ததே இல்லை. மேலே போகவும் வழி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடும் எபிஸ்கோப்பல் சபையின் பொதுச் சங்கத்தில் (ஜெனரல் கன்வென்ஷன்), சபையின் ஒன்பது மாகாணங்களிலிருந்து மாகாணத்துக்கு இருவராகப் பதினெட்டு வாலிபர்கள் பிரதிநிதிகள் சபையில் உட்காரவும் பேசவும் உரிமை பெறுகிறார்கள், ஓட்டு மட்டும் கிடையாது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எபிஸ்கோப்பல் யூத் ஈவென்ட் என்ற பெரிய கூடுகை உண்டு. 2020-ல் வாஷிங்டனில் நடக்கவேண்டியது கொரோனாவால் நின்று, 2023-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. திருமண்டலக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது சின்ன சபைப் பெயர்களை நீங்களாகவே சொல்லுங்கள்.

சிறு குழுக்கள் தங்களுக்குள் போனில் ஒரு குரூப் வைத்துக்கொள்வார்கள், அதில் நீங்கள் தலையிட வேண்டாம். திருமண்டலத்தின் பெயரில் வைக்கிற குரூப் என்றால் மட்டும் இரண்டு பெரியவர்கள் அதில் இருக்கவேண்டும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த வாரத்திலேயே ரசீதுகளை எடுத்துத் திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பெட்ரோல், நூல், மணி, அப்பத்துக்கு வாங்கிய மாவு எல்லாவற்றுக்கும்தான். தள்ளிப்போட்டால் காசு கைவிட்டுப் போகும். அப்படியே அடுத்த வருடத்துக்கான கேம்ப் அறைகளுக்கும் முன்பணம் கட்டிவிடுங்கள். ஜனவரி வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். ஸ்டாக் ஷோ தேதி கேட்டு மறுபடியும் ஐயர்மாருக்குப் போன் போடவேண்டியிருக்கும்.